ஆணி அடிக்காத சுவர்கள்

ஜெயகாந்தனின் அம்மா புனிதவதி எழுபத்திரண்டு வயது வரை எந்தச் சுவரிலும் ஆணி அடித்ததில்லை.

அப்பா சீவரத்தினம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். கெமாஸ், குளுவாங், கோலா லிப்பிஸ், கடைசியில் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ். மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். காலி செய்யும் நாளில் இலாகாவிலிருந்து ஓர் ஆள் வந்து சுவர்களைத் தடவிப் பார்ப்பான். ஆணித் துளை இருந்தால் குறித்துக்கொள்வான். அம்மா இருந்துவிட்டுப் போன எந்த வீட்டிலும் அவனுக்குக் குறிக்க ஒன்றும் கிடைத்ததில்லை. சாமிப் படங்கள் அலமாரித் தட்டில் சாய்ந்திருக்கும். கல்யாணப் படம் தையல் மெஷின்மேல் சாய்ந்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகு பிரிக்ஃபீல்ட்ஸிலேயே ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வாடகைக்குப் போனார்கள். அங்கேயும் படங்கள் சாய்ந்தே இருந்தன. அப்பா போனபின் அவருடைய படமும் அந்த வரிசையில் போய்ச் சாய்ந்துகொண்டது.

“சுவர் எங்கட இல்லையே” என்பாள் அம்மா. குறையாகச் சொல்லமாட்டாள். மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வாள்.

அப்பாவுக்கு மாற்றல்கள் முடிந்த காலத்தில் அவளும் வேலைக்குப் போனாள். ஒரு நகராண்மைக் கழகத்தின் கட்டடப் பிரிவில் கவுண்டர் கிளார்க். வீடு கட்டவும் நீட்டவும் மனுக் கொண்டுவருகிறவர்களின் பிளான் அவள் கையைத் தாண்டித்தான் உள்ளே போகும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் திருப்பி அனுப்புவாள். மேலதிகாரியின் மைத்துனன் வந்தபோதும் திருப்பி அனுப்பினாள். ஒரு தீபாவளிக்கு யாரோ வீட்டுக்கு அனுப்பிவைத்த பழக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, அனுப்பியவன் கடையிலேயே இறக்கிவைத்துவிட்டு வந்தாள். கூடவே போன ஜெயகாந்தனுக்கு அன்றைக்கு ஓர் ஆரஞ்சுகூடக் கிடைக்கவில்லை.

அவளுக்கென்று ஒரு வீடு இருந்தது. அதில் யாரும் குடியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

பந்திங்கைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒரு கிளைச் சாலையில், ஓர் ஏக்கர் தென்னை நிலம். அப்பாவின் ரயில்வே நண்பர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. அப்பா அதை அம்மா பேரில் எழுதினார். சாலையோரமாக ஒரு பலகை வீடு. காவலுக்கு இருந்த குடும்பம் ஜொகூருக்குப் போய்விட்டதிலிருந்து பூட்டிக் கிடந்தது. பிறகு பூட்டும் போயிற்று. கூரைத் தகரத்தில் பாதியைக் காற்று கொண்டுபோயிருந்தது. சமையலறைத் தரையைப் பிளந்துகொண்டு ஒரு பப்பாளி மரம் வளர்ந்து காய்த்திருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் கட்டடத்தை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். இடித்துவிட்டு உயரமாகக் கட்டப்போகிறார்களாம். குடியிருப்பவர்கள் அடுத்த ஆண்டுக்குள் காலி செய்ய வேண்டும் என்று செய்தி வந்தபோது அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. ஒவ்வொரு மாடி வளைவிலும் நின்று மூச்சு வாங்குவாள். டாக்டர் ஜெயகாந்தனையும் அவன் மனைவி தாராவையும் மட்டும் அறைக்குள் அழைத்து, இரண்டு வருடம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் மூன்று என்றார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா அவர்கள் முகத்தைப் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சுங்கை பூலோவில் தன்னுடைய வீட்டுக்கு வந்துவிடச் சொன்னான் ஜெயகாந்தன்.

“உன்ர வீட்டுக்கு விருந்துக்கு வாறன், தம்பி” என்றாள். “இருக்கிறதுக்கு எனக்கொரு வீடு கிடக்கு.”

அந்த வார இறுதியில் இருவரும் பந்திங்குக்குப் போனார்கள். ஜெயகாந்தன் கட்டட எஞ்சினியர். ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு தூணையும் குத்திப் பார்த்தான். தூண்களும் உத்தரங்களும் பழைய காலத்துக் கெட்டி மரம்; முனை உள்ளே இறங்கவில்லை. பலகைச் சுவர்கள் கறையான் தின்றவை. கூரை, சுவர், தரை மூன்றையும் மாற்றினால் போதும், வீடு நிற்கும். அம்மா காரில் உட்கார்ந்தபடியே கேட்டாள், நிக்குமா என்று. நிற்கும் என்றான். அவள் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பக்கத்து நிலத்து ரெங்கசாமி அப்போதுதான் வந்து சேர்ந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி வைத்திருப்பவர். அந்தச் சாலையிலேயே பிறந்தவர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

“இதுக்கு எதுக்கு பெர்மிட்டு? ராயா லீவு வரட்டும். ஆபீஸ் எல்லாம் ஒரு வாரம் பூட்டிக் கெடக்கும். நம்ம ரோட்டுல இருக்கிற வீடெல்லாம் அப்படித்தாம்மா வளந்துச்சு. ராயா வந்தா இந்த ரோடு முழுக்க சுத்தியல் சத்தம்தான். மலாய்க்காரங்க பெருநாள் கொண்டாடுவாங்க, நாம கூரை போடுவோம்.”

அவர் வீட்டின் பின்பாதி, இரண்டு அறையும் சமையலறையும், இரண்டு ராயாவில் எழுந்தது. அந்த வரிசையில் இன்னும் மூன்று வீடுகள் அதேபோலப் பின்பக்கமாக, வாய்க்காலை நோக்கி நீண்டிருந்தன.

ஜெயகாந்தன் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஆறு ஆள், ஒரு வாரம், கூரை முடிந்துவிடும். உள்ளே இருந்துகொண்டே சுவர்களை ஒவ்வொன்றாக மாற்றலாம். அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசிவிட்டாள்.

“கேக்காமல் கட்டின வீட்டிலை நான் எப்பிடித் தம்பி படுக்கிறது? கதவை யார் தட்டினாலும் எழும்பிப் பாக்க வேணும்.”

“தட்ட மாட்டாங்கம்மா. இங்க நாய்தான் வரும்” என்றார் ரெங்கசாமி.

அம்மாவும் சிரித்தாள். ஆனால் திங்கட்கிழமையே வேலையைத் தொடங்கிவிட்டாள். விவசாய நிலத்தில் சொந்தக்காரருக்கு ஒரு குடியிருப்பு வீடு கட்டச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இத்தனை காலம் பாழாய்க் கிடந்ததைத் திரும்ப வீடாக்கத் திட்ட அனுமதி வேண்டும், பிறகு கட்டட பிளானுக்கு அனுமதி வேண்டும். அவளுக்குத் தெரியாததா? ஜெயகாந்தனின் கம்பெனியில் இருந்த விஷ்ணுப்ரியா என்ற ஆர்க்கிடெக்ட் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டாள். அளந்து வரைவது ஜெயகாந்தனின் பொறுப்பு.

“சுத்திவர இருக்கிறதையும் போடு” என்றாள் அம்மா. “பக்கத்துக் கட்டடம், வாய்க்கால், வாய்க்காலின்ர ரிசர்வ் கோடு, எல்லாம். அரைகுறை பிளானை நானே எத்தனை திருப்பி அனுப்பியிருக்கிறன்.”

அளக்கும் நாளில் ரெங்கசாமியே முன்வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். தன் வீட்டுப் பின்சுவரில் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சரியா இருக்கா தம்பி, இழுத்துப் பிடிக்கவா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் மனைவி இராஜம்மா கோப்பைகளில் மைலோவும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். அம்மாவுக்குக் காருக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். நீங்க குடிவந்தா எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு என்றாள்.

ஜெயகாந்தன் நல்ல பிளான் வரைபவன். வாய்க்காலுக்கு வடிகால் இலாகா ஒதுக்கிய எல்லையைச் சிவப்புப் புள்ளிக் கோடாகப் போட்டான். அம்மாவின் வீடு சாலையோரம் இருந்ததால் கோடு அதை நெருங்கவே இல்லை. ஆனால் அதே கோடு நீண்டுபோய் ரெங்கசாமியின் சமையலறை வழியாகவும், அதற்கடுத்த மூன்று வீடுகளின் வழியாகவும் போனது. திரையில் அதைப் பார்த்தான். பார்த்தான் என்பதுதான் பின்னால் அவனுக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அது மனுவுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று அப்போது தோன்றியது. அம்மாவும் பார்த்தாள். கோடு சரியான தடிப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

மனு போன சில வாரத்தில் அண்டை நிலத்துக்காரர்களுக்கு அந்த வட்டார நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் போனது. ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று. ரெங்கசாமி போன் செய்து, நீங்க கேஸ் ஏதும் போட்டிருக்கீங்களாம்மா என்று கேட்டார். அம்மா பொறுமையாக விளக்கினாள். அவர் ஆட்சேபமில்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மற்ற மூன்று வீட்டாரையும் போட வைத்ததும் அவர்தான்.

பிறகு அதிகாரிகள் இடம் பார்க்க வந்தார்கள். கையில் ஜெயகாந்தனின் பிளான். டிரோன் ஒன்றும் பறந்தது. அம்மாவின் வீட்டில் கொஞ்ச நேரம்தான் இருந்தார்கள். மிச்ச நேரம் முழுவதும் பின்பக்கம் வாய்க்கால் ஓரமாகவே நடந்தார்கள். மறுமாதம் நான்கு வீடுகளின் கதவிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அரசாங்க ஒதுக்கீட்டு நிலத்தில் இருக்கும் பகுதியை இடித்து அகற்றவும்.

இந்த முறை போன் ஜெயகாந்தனுக்கு வந்தது. ரெங்கசாமி குரலை உயர்த்தவில்லை.

“ஆபீசர் பாராட்டுனான் தம்பி. இவ்ளோ கிளியரான பிளான் பாத்ததே இல்லையாம். நான் சொன்னேன், டேப்ப புடிச்சது நான்தான்னு.”

அம்மாவிடம் அதை மறைக்க முடியவில்லை. மறுநாளே கழக அலுவலகத்துக்கு அழைத்துப்போகச் சொன்னாள். ஆக்சிஜன் சிலிண்டரை ஒரு சின்ன வண்டியில் இழுத்துக்கொண்டு, எண்ணுள்ள சீட்டு எடுத்து, தன் முறை வரும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தாள். இத்தனை வருடத்தில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தது அன்றுதான். அதிகாரி லோகேஸ்வரி என்ற இளம்பெண். மரியாதையானவள். தன் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாக அம்மா சொன்னாள்.

“வாங்கிக்கலாம் ஆன்டி. ஆனா அந்த நோட்டீஸ் வேற ஃபைல். அது நிக்காது.”

“என்ர பிளானைப் பாத்துத்தானே போட்டவை?”

“பாத்துட்டோமே ஆன்டி. பாத்தத பாக்கலன்னு எப்படி எழுதறது?”

அம்மா தலையசைத்தாள். சரியான பதில். அவளுடைய காலத்தில் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். லிஃப்ட் வரை வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நல்ல பிள்ளை” என்றாள். “வேலை தெரிஞ்ச பிள்ளை.”

வாபஸ் வாங்கவில்லை. வாங்கினாலும் யாருக்கும் பயனில்லை. மழைக்காலத்தில் அனுமதி வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்ய இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. பன்னிரண்டு மாதத்துக்குள் வேலை தொடங்க வேண்டும், தொடங்காவிட்டால் அனுமதி காலாவதியாகும். தொடங்குமுன் நிலத்தில் அறிவிப்புப் பலகை நட வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. ஜெயகாந்தன் இரும்புக் கால் வைத்துத் தகரப் பலகை செய்வித்து, கான்கிரீட் போட்டு நட்டான். ஒரு குடியிருப்பு வீடு சீரமைப்பு. உரிமையாளர்: புனிதவதி சீவரத்தினம்.

அதைப் பார்க்க அம்மா வந்தாள். பையில் அப்பாவின் படத்தையும் ஒரு சுத்தியலையும் கொண்டுவந்திருந்தாள். கால் வைக்கலாம் என்று ஜெயகாந்தன் பார்த்துச் சொன்ன பலகைகள்மேல் மட்டும் நடந்து முன்னறைக்குப் போனாள். ஆணியை வைத்து அடித்தாள். இரண்டாவது அடியில் ஆணி தலைவரை உள்ளே போய்விட்டது. பலகை மாவாகக் கொட்டியது. இன்னோர் இடத்தில் வைத்தாள். அங்கேயும் அப்படியே. தூணில் அடிக்கச் சொன்னான் ஜெயகாந்தன். தூணில் ஆணி வளைந்தது. மரம் அவ்வளவு கெட்டி. அம்மா படத்தைத் துடைத்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது பக்கத்து நிலத்தில் மண்வாரி இயந்திரம் நின்றது. அன்றைக்குத்தான் இடிக்கிறார்கள் என்று அம்மாவுக்கும் மகனுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை. ரெங்கசாமியின் பின்பாதி அரைமணி நேரத்தில் கீழே வந்தது. தகரம் கிழியும் சத்தம் சாலைவரை கேட்டது. இராஜம்மா முன்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் பானைசட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு பானைகளை எண்ணுகிறவள்போலக் குனிந்துகொண்டாள். மைலோ வரவில்லை.

அம்மா காரில் ஏறவில்லை. சாலையோரத்தில் சிலிண்டர் வண்டியைப் பிடித்துக்கொண்டு எல்லாம் முடியும்வரை நின்றாள். திரும்பும்போது கார் டெங்கில் ஊரைத் தாண்டியது.

“வேலையைத் தொடங்காதை” என்றாள் பிறகு.

“அம்மா, அனுமதி வந்திட்டுது. அவையின்ர வீட்டை இடிச்சாச்சு. இனி நீங்கள் போகாமல் விட்டால் அவையளுக்கு என்ன கிடைக்கும்?”

அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். வீட்டைக் கட்டு. கட்டி ரெங்கசாமி குடும்பத்தை அதில் இருக்கச் சொல். சொந்தக்காரர் சம்மதத்தோடு வேறொருவர் இருக்கலாம், சட்டத்தில் இடமிருக்கிறது.

இதைப் போனில் சொல்லக்கூடாது என்றாள். அவளே போனாள். மிஞ்சிய முன்பாதிக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. ரெங்கசாமி நாற்காலி போட்டார். அம்மா சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

“கோவத்துல சொல்றேன்னு நெனைக்காதீங்கம்மா” என்றார். “நீங்க சுத்தமானவங்க. லஞ்சம் கிஞ்சம் தொடாத கை. அது எனக்குத் தெரியும். ஆனா சுத்தமானவங்க பக்கத்துல இருந்தா எங்கள மாதிரி ஆளுக்கு வீடு தங்காது-லா. அந்த வீட்டுல நான் படுத்தேன்னா, அடுத்த மூணு வீட்டுக்காரன் என்னைய என்னன்னு நெனைப்பான்? நான்தான் டேப்ப புடிச்சேன்னு ஏற்கெனவே பேச்சு.”

அம்மா எழுந்து நின்று கைகூப்பினாள். அவர் பதறிப்போய் எழுந்தார். இராஜம்மா தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்தார்கள். வீட்டுக்காரரின் ஆள் சாவி வாங்க வந்தான். இடிக்கப்போகிற கட்டடம், அவன் சுவர்ப்பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆனாலும் அம்மா ஒவ்வோர் அறையாக அவனை அழைத்துப்போய்க் காட்டினாள்.

சுங்கை பூலோவில் அவளுக்குக் கொடுத்த அறையில் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. தேவையானதை எடுத்துவிட்டு மறுபடி மூடிவைப்பாள். குளித்த பின் குளியலறைத் தரையைத் துடைத்துவிட்டு வருவாள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் மாமி என்று தாரா அழாக்குறையாகக் கேட்டாள். பழகிப்போச்சு பிள்ளை என்றாள் அம்மா. அனுமதியைப் பற்றி அவளும் பேசவில்லை, ஜெயகாந்தனும் பேசவில்லை. டாக்டர் சொன்ன இரண்டு வருடம் வரவில்லை. உறவினர் கல்யாணத்துக்குக் கிள்ளானுக்குப் போன இடத்தில் மூச்சுத் திணறி, அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஐந்தாம் நாள் போய்விட்டாள். கடைசியாகத் தெளிவாகப் பேசியது நர்ஸிடம். கட்டில் யாருக்காவது தேவையென்றால் சொல்லுங்கோ, நான் எழும்புறன் என்று.

போர்ட் கிள்ளானில் படகேறி அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள். முப்பத்தொன்றாம் நாள் வீட்டுக்கிருத்தியத்தை இறந்தவரின் வீட்டில் செய்வது வழக்கம். அம்மாவின் வீடு எது என்று ஐயர் கேட்டார். ஜெயகாந்தன் தன்னுடைய முகவரியைச் சொன்னான். எல்லாரும் போனபின் தாரா அம்மாவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே மாட்டுவது என்று கேட்டாள். அவன் அதை வாங்கி, அலமாரித் தட்டில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தான்.

ராயா லீவில் கூரை போட்டிருந்தால் அம்மா அந்த வீட்டில் ஒன்றேகால் வருடம் இருந்திருப்பாள். ரெங்கசாமியின் சமையலறையும் இருந்திருக்கும். கணக்கு சரிதான். எத்தனை முறை போட்டாலும் அதே விடைதான் வந்தது. ஆனால் அந்த வீட்டில் இருந்திருக்கக்கூடிய அம்மா யார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. கதவைத் தட்டினால் எழுந்து பார்க்கிற ஒருத்தி. அவளை அவன் அறியமாட்டான்.

அனுமதி காலாவதியான வாரத்தில் அவன் பந்திங்குக்குத் தனியாகப் போனான். காலாவதியானால் பலகையை அகற்ற வேண்டும். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் போனான். வீட்டின் முன்னறை உள்ளே விழுந்திருந்தது. பப்பாளி மரம் மட்டும் உயர்ந்திருந்தது. பலகையின் கால்களை மண்வெட்டியால் சுற்றித் தோண்டினான். கான்கிரீட் ஆழமாக இறங்கியிருந்தது, அவனே போட்டது. வியர்த்து நின்றபோது லோரி வந்து நின்றது.

ரெங்கசாமி இறங்கிப் பார்த்தார். செய்தி கேள்விப்பட்டேன் என்றார். லோரியிலிருந்து சங்கிலி எடுத்துவந்து இரும்புக் காலில் மாட்டினார்.

“ரோடு முழுக்க இது ஒண்ணுதான் ரூல்படி நின்னுச்சு. எப்படி ஸ்ட்ராங்கா நிக்குது பாருங்க.”

லோரி இழுத்தது. பலகை கான்கிரீட்டோடு பெயர்ந்து வந்து மண்ணில் சாய்ந்தது. தகரத்தைத் தட்டிப் பார்த்தார் ரெங்கசாமி. கெட்டியான தகரம். எடுத்துட்டுப் போறீங்களா தம்பி என்று கேட்டார். வேண்டாம் என்றான் ஜெயகாந்தன். கோழிக்கூட்டுக்குக் கூரை இல்லை, மழையில் நனைகிறது, எடுத்துக்கொள்ளவா என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

தகரத்தை இரும்புக் காலிலிருந்து கழற்றி, இருவருமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூடு முன்பக்கத்தில், சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம், நன்றாகத் தள்ளி இருந்தது. ரெங்கசாமி பலகையை மேலே ஏற்றிவைத்துக்கொண்டு, எழுத்துப் பக்கம் எப்படி இருக்கட்டும் என்று கேட்டார்.

“மேல பாத்து வச்சா டிரோன்ல படிப்பானுங்க.”

“கீழ பாத்து வைங்க அண்ணே.”

ரெங்கசாமி சட்டைப்பையிலிருந்து ஆணிகளையும் லோரியிலிருந்து சுத்தியலையும் எடுத்து அவனிடம் கொடுத்தார். ஜெயகாந்தன் நான்கு மூலையிலும் அடித்தான். நன்றாகப் பிடித்தது. குனிந்து பார்த்தான். கூட்டுக்குள் கோழிகளுக்கு மேலே அம்மாவின் பெயர் தலைகீழாக இருந்தது.

தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து இராஜம்மா வந்தாள். கையில் ஒரு கோப்பை மைலோ இருந்தது. அவனிடம் நீட்டவில்லை. ஸ்டூல்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் அதைக் குடித்தான். கோப்பையைக் குழாயில் கழுவி, ஸ்டூல்மேலேயே கவிழ்த்துவைத்துவிட்டுப் புறப்பட்டான்.